கண்ணில்லாக் கத்தி, கத்தியில்லாக் கண்

1960களின் தொடக்கத்தில் வேலூரைச் சுற்றியிருந்த கிராமங்களில் ஒரு வயிற்றுப்போக்கு பரவியது. காலராவைப்போல ஓரிரு நாளில் ஆளைச் சாய்க்கும் வேகம் அதற்கு இல்லை. மாதக்கணக்கில் நின்று தின்றது. சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை. கொழுப்பு செரிக்காமல் மலத்தோடு போயிற்று. நாக்கு புண்ணாகி இரத்தம் வெளுத்தது. வயல்வேலை பார்த்துக்கொண்டிருந்த பெரியவர்கள் எலும்பும் தோலுமானார்கள். வெப்பமண்டல ஸ்ப்ரூ என்று மருத்துவ நூல்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தன. காலனி நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பிய வெள்ளையரின் நோயாகவே அதுவரை பெரிதும் எழுதப்பட்டு வந்தது. வட ஆர்க்காட்டுக் குடியானவர்களையும் அது கூட்டம் கூட்டமாகத் தாக்குகிறது என்று ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தவர்கள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் அவர்கள் குழுவினரும்.

நோய் இருக்கும் இடம் சிறுகுடலின் உள்சுவர். உயிரோடிருப்பவரின் சிறுகுடலை அன்றைக்கு யாராலும் பார்க்க முடியாது. ஆனால் அதிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துவர முடிந்தது. அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் கிராஸ்பி, ஹைன்ஸ் கூக்ளருடன் சேர்ந்து 1957-இல் வெளியிட்ட கருவி ஒரு சிறிய உலோகக் கேப்ஸ்யூல். அதன் பக்கத்தில் ஒரு துளை, உள்ளே சுருள்வில்லில் பூட்டிய கத்தி, பின்னால் மெல்லிய நீண்ட குழாய். நோயாளி அதை விழுங்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எக்ஸ்ரேயில் சரியான இடத்துக்குப் போய்விட்டது என்று தெரிந்ததும் வெளியிலிருக்கும் குழாய் முனையில் ஊசிக்குழலை வைத்து உறிஞ்சுவார்கள். குடல்சுவரின் உட்படலம் துளைக்குள் இழுபடும். அதே உறிஞ்சலில் வில் விடுபட்டுக் கத்தி சுழன்று நறுக்கும். பிறகு குழாயைப் பிடித்து மெதுவாக வெளியே இழுக்க வேண்டியதுதான். எங்கே வெட்டுகிறோம் என்று தெரியாமல் வெட்டுகிற கத்தி அது. கிராஸ்பி கேப்ஸ்யூலும் அதையொத்த உறிஞ்சு கருவிகளும்தான் அந்த நாளைய குடல் ஆராய்ச்சியைத் தாங்கின. அதே 1957-இல் ஸ்டூவர்ட் மேக்கேயும் பெர்டில் ஜேக்கப்சனும் விழுங்கக்கூடிய ஒரு ரேடியோவை நேச்சர் இதழில் அறிவித்தார்கள். அது குடலுக்குள்ளிருந்து அழுத்தத்தையும் வெப்பத்தையும் சொன்னது. கத்தியும் ரேடியோவும் அப்படி ஒரே ஆண்டில் குடலுக்குள் போய்விட்டன. கண் போவதற்கு இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

வேலூர்க்காரர்கள் கண்டுபிடித்தவற்றில் என்னை மிகவும் பாதித்தது ஸ்ப்ரூ நோயாளிகளைப் பற்றியது அல்ல. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நோயில்லாதவர்களின் குடல் துணுக்குகளையும் எடுத்தார்கள். மேலைநாட்டுப் பாடநூல்கள் காட்டும் குடலுறிஞ்சிகள் விரல் விரலாக நீண்டு நிற்பவை. இங்கே எந்தத் தொந்தரவும் இல்லாமல் உண்டு உழைத்துக்கொண்டிருந்தவர்களின் குடலில் அவை குட்டையாகி அகன்று இலைபோலவும் வரப்புப்போலவும் கிடந்தன. பாடநூலை அளவுகோலாக வைத்தால் ஊரே நோயாளி. இது பிறவியிலேயே வந்ததா என்ற கேள்வி எழுந்தது. 1969-இல் வேலூர்க் குழு வெளியிட்ட பிணக்கூறு ஆய்வு அதற்கு விடை சொன்னது: கருவிலும் பிறந்த குழந்தைகளிலும் விரல்வடிவம்தான் இருக்கிறது, வளர வளரத்தான் மாறுகிறது. அதே காலத்தில் கிழக்கு பாகிஸ்தானுக்கு வந்து தங்கிய அமெரிக்க அமைதிப்படைத் தொண்டர்களின் குடலும் மாறியது. நியூயார்க்கில் குடியேறிய இந்தியர், பாகிஸ்தானியர் குடல் சில ஆண்டுகளில் தேறியது. ஆக, இதில் இனத்துக்குப் பங்கில்லை. குடிக்கும் தண்ணீரும் நடக்கும் மண்ணும் குடலின் சுவரில் எழுதியிருக்கின்றன.

இதை முன்னால் வைத்துக்கொண்டுதான் கேமரா கேப்ஸ்யூலைப் பார்க்கிறேன். பார்க்கும் கருவியைச் செய்வதோடு வடிவமைப்பு முடிந்துவிடுவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. யாருடைய குடலை, எதை இயல்பென்று எடுத்துக்கொண்டு பார்க்கப்போகிறோம் என்பதும் வடிவமைப்பில் சேர்ந்ததே.

காவ்ரியேல் இடன் இஸ்ரேலின் ரஃபேல் பாதுகாப்பு நிறுவனத்தில் ஒளிமின்னணுப் பொறியாளர். ஏவுகணையின் முகப்பில் அமர்ந்து இலக்கைத் தேடும் கண்ணைச் செய்வது அவர் வேலை. 1981-இல் பாஸ்டனில் தங்கியிருந்தபோது குடல்நோய் மருத்துவர் எய்தான் ஸ்காபா, எண்டோஸ்கோப் குழாயால் சிறுகுடலின் பெரும்பகுதியை எட்ட முடியாத சங்கடத்தை அவரிடம் சொன்னார். ஏவுகணைக்குக் கண் வைக்க முடியுமானால் விழுங்கும் மாத்திரைக்கு ஏன் முடியாது என்ற கேள்வி அங்கே பிறந்தது. விடை கிடைக்கப் பதினைந்து ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றைய சிசிடி கேமராச் சில்லு மின்சாரத்தைக் குடித்தது. சின்ன பேட்டரி சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். 1990களின் முற்பகுதியில் எரிக் ஃபாசமும் அவர் சகாக்களும் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் சீமாஸ் படச்சில்லை வளர்த்தெடுத்தார்கள். மிகக் குறைந்த மின்சாரத்தில் அது படம் பிடித்தது. ஜப்பானின் நிச்சியா 1996-இல் வெள்ளை எல்.இ.டி. விளக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. விண்கலத்துக்காக ஒருவரும் விளக்குக் கடைக்காக இன்னொருவரும் செய்துவைத்த பொருள்கள் வந்து சேர்ந்த பிறகே மாத்திரைக்குள் கண்ணும் வெளிச்சமும் புகுந்தன. லண்டனில் தனியாக இதே வழியில் முயன்றுகொண்டிருந்த மருத்துவர் பால் ஸ்வெய்ன் இடனுடன் சேர்ந்துகொண்டார். 1999 அக்டோபரில் முதல் கேப்ஸ்யூலை விழுங்கியவரும் ஸ்வெய்ன்தான். 2000 மே மாதம் நேச்சர் இதழில் ஒரே பக்கத்தில் அறிவிப்பு வந்தது. 2001-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

முதலில் விற்பனைக்கு வந்த கருவியின் அளவு 11 மில்லிமீட்டர் குறுக்கு, 26 மில்லிமீட்டர் நீளம். எடை நான்கு கிராமுக்கும் குறைவு. கைக்கடிகாரத்தில் போடுகிற இரண்டு வெள்ளி ஆக்சைடு பேட்டரிகள்தான் மொத்தச் சொத்து. அதை வைத்து எட்டு மணி நேரம் ஓட்ட வேண்டும். விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் கட்டுப்படியாகாது. ஆகவே படம் பிடிக்கும் அந்த ஒரு கணம் மட்டும் மின்னி அணைகிறது. நொடிக்கு இரண்டு படம் என்றால் எட்டு மணி நேரத்தில் 57,600 படங்கள். ரேடியோ அலையின் எண்ணையும் அப்படித்தான் கணக்குப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள்: அதிர்வெண் கூடினால் உடம்பிலிருக்கும் நீர் அலையை விழுங்கிவிடும், குறைந்தால் ஆண்டெனா பெரிதாகி மாத்திரைக்குள் அடங்காது. 430 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு சமரசம் செய்துகொண்டார்கள். வயிற்றின்மேல் ஒட்டிய உணரிகள் அந்த அலையைப் பிடித்து இடுப்பில் கட்டிய பெட்டியில் சேர்க்கின்றன.

இதிலெல்லாம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி முகப்பிலிருக்கும் ஒளிபுகும் கூரை. விளக்கும் லென்ஸும் ஒரே கூரைக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கூரை சரியான வடிவில் இல்லையென்றால் விளக்கின் ஒளி அதன் உட்புறத்தில் பட்டுத் திரும்பி லென்ஸிலேயே விழும். படம் முழுக்க வெள்ளைப் படலம்தான் தெரியும். அதனால் கூரையை நீள்வட்ட வளைவில் கடைந்து, திரும்பும் ஒளி லென்ஸைத் தொடாமல் ஒதுங்கிப் போகும்படி விளக்குகளை இடம்பார்த்து வைத்தார்கள். சாதாரண எண்டோஸ்கோப்பில் காற்றை ஊதிக் குடலை விரித்துவைத்துப் பார்ப்பார்கள். கேப்ஸ்யூலால் ஊத முடியாது. சுருங்கிக் கிடக்கும் குடல் தானாகவே வந்து கூரையைத் தழுவிக்கொள்கிறது. அந்த நெருக்கத்தாலேயே குடலுறிஞ்சிகள் நீருக்குள் பாசி அசைவதுபோலத் தெளிவாகத் தெரிகின்றன. குறையென்று நினைத்தது கூடுதல் பார்வையாகிவிட்டது. பொறியியலில் இப்படி நேரும்போது உண்மையான மகிழ்ச்சி உண்டாகிறது.

ஆனால் அந்த 57,600 படங்களையும் யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். கேப்ஸ்யூல் நின்று திரும்பிப் பார்க்காது. குடல் தள்ளும் வழியில் போகும். ஒரு புண் ஒரே ஒரு படத்தில் ஓரமாகத் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடலாம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோலை ரகம் பிரிக்கிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வேலை புதிதாகத் தெரியாது. மேசைமேல் விரித்த தோலை ஒரு கையால் தடவி அடுத்த நொடியில் தள்ளிவிடுவார்கள். அதற்குள் இது முள் கீறியது, இது உண்ணி கடித்தது, இது அம்மைத் தழும்பு, இது உரிக்கும்போது கத்தி பட்டது என்று முடிவாகியிருக்கும். தழும்பே இல்லாத தோலைத் தேடினால் ஒரு நாளுக்கு ஒன்றுகூடத் தேறாது. எந்த வடு அந்த ஆடு வாழ்ந்த வாழ்க்கையைச் சேர்ந்தது, எது தோலைக் கெடுப்பது என்று தெரிந்திருப்பதே அவர்கள் தொழில். முட்காட்டில் மேய்ந்த ஆட்டைப் பார்த்தறியாதவர் வந்தால் பாதித் தோலைக் கழித்துவிடுவார்.

கேப்ஸ்யூல் படம் பார்ப்பவருக்கும் இதே அறிவு தேவைப்படுகிறது. இந்தப் பகுதியில் அதன் கனம் அதிகம், ஏனென்றால் இங்கே காசநோய் இருக்கிறது. குடல் காசநோயின் புண்கள் பெரும்பாலும் குடலைச் சுற்றிக் குறுக்காகப் படர்கின்றன. ஆறும்போது அந்த வளையம் இறுகிக் குடல் சுருங்குகிறது. அந்தச் சுருக்கத்தில் கேப்ஸ்யூல் மாட்டிக்கொள்ளும். “உள்ளேயே நின்னுட்டா என்ன சார் பண்றது?” என்றுதான் எந்த நோயாளியும் முதலில் கேட்பார். நியாயமான கேள்வி. நின்றுவிட்டால் சிலருக்கு அறுவை சிகிச்சை செய்துதான் எடுக்க வேண்டியிருக்கும். வழி திறந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கென்றே லாக்டோஸும் பேரியமும் சேர்த்துச் செய்த ஒரு போலி கேப்ஸ்யூல் உண்டு. மாட்டிக்கொண்டால் ஓரிரு நாளில் அதுவாகவே கரைந்துவிடும். மேலைநாட்டு வடிவமைப்பில் இது, கிரோன்ஸ் என்னும் நாள்பட்ட குடல் அழற்சி உள்ளவர் போன்ற சிலருக்கான முன்னெச்சரிக்கையாகப் பின்னால் வந்து சேர்ந்தது. காசநோய் நிறைந்த நாட்டில் ஒருவர் கேப்ஸ்யூலை வரைய உட்கார்ந்திருந்தால், மாட்டிக்கொண்டால் எப்படி வெளியே வருவது என்பதை முதல் கோட்டிலேயே வரைந்திருப்பார் என்று நம்புகிறேன்.

கிரோன்ஸைச் சொன்னேன். கேமராவின் எல்லை அங்கேதான் தெரிகிறது. குடல் காசநோயும் கிரோன்ஸும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியக்கூடியவை. கிரோன்ஸ் என்று நினைத்து ஸ்டீராய்டும் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தும் கொடுத்தால், அது காசநோயாக இருந்துவிட்டால், உள்ளே நெருப்பு வைத்ததாகிவிடும். காசநோய் என்று எண்ணி மாதக்கணக்கில் மருந்து கொடுத்துப் பார்த்தால் கிரோன்ஸ் அந்த மாதங்களில் குடலைக் கெடுத்துக்கொண்டே போகும். வேலூரின் அன்னா புலிமூடும் சகாக்களும் 1999-இல் ‘கட்’ (Gut) மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை இதற்கு ஒரு வழி காட்டியது. காசநோயில் கிரானுலோமாக்கள், அதாவது அழற்சிச் செல்கள் திரண்ட முடிச்சுகள், பெரியவை, பல, ஒன்றோடொன்று சேர்ந்தவை. கிரோன்ஸில் சிறியவை, அபூர்வமானவை. அந்த வேறுபாடு நுண்ணோக்கிக்குக் கீழே வைத்த திசுவில் தெரிவது. கேப்ஸ்யூல் புண்ணை அழகாகக் காட்டிவிட்டுக் கடந்துபோகும். ஒரு துணுக்குகூட எடுத்து வராது. கிராஸ்பியின் கருவிக்குக் கண் இல்லை, கத்தி இருந்தது. இடனின் கருவிக்குக் கண் இருக்கிறது, கத்தி இல்லை. இரண்டும் ஒரே உறைக்குள் சேர வேண்டுமென்று கேட்க மிக அதிகமான காரணம் உள்ள ஊர்களில் வேலூர் ஒன்று. அதைச் செய்து பார்க்கும் ஆய்வகங்கள் உலகில் உள்ளன. அன்றாட மருத்துவத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை.

கொக்கிப்புழுவையும் சொல்லியாக வேண்டும். எங்கிருந்து போகிறதென்று தெரியாமல் இரத்தம் குறைந்துகொண்டே வருகிறவர்களுக்கு, மேலிருந்தும் கீழிருந்தும் எண்டோஸ்கோப்பி செய்து ஒன்றும் தெரியாதபோது, கேப்ஸ்யூல் கொடுப்பது வழக்கம். மேலைநாட்டில் அப்போது பெரும்பாலும் இரத்தக்குழாய்க் கோளாறைத் தேடுவார்கள். நம் நாட்டில் சில நேரம் திரையில் தெரிவது குடல்சுவரைக் கவ்விக்கொண்டிருக்கும் புழு. மண்ணில் இருக்கும் அதன் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உடம்புக்குள் நுழைகிறது. ஆம்பூரின் தொழிற்சாலைகளில் தைக்கும் ஷூக்கள் ஐரோப்பாவின் கால்களுக்குப் போகின்றன. அதே பாலாற்றுப் படுகையில் நாற்று நடுகிறவர்கள் செருப்பில்லாமல் சேற்றில் நிற்கிறார்கள். புழுவுக்கு மருந்து அல்பெண்டசோல், 400 மில்லிகிராம், சில ரூபாய். கேப்ஸ்யூலின் விலையோ சில பத்தாயிரங்கள். இரத்தம் வெளுத்த விவசாயக் கூலிக்குக் கேமராவைக் கொடுப்பதற்கு முன்னால் இந்த மாத்திரையைக் கொடுத்தாயிற்றா என்று கேட்கும் மருத்துவரும் வேண்டும். கருவி செய்கிறவருக்கும் இந்தக் கேள்வி தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று இருக்கிறது. வேறெங்கோ இருந்து எழுதுகிறவருக்கு இது அற்பமாகத் தோன்றலாம். வேலை முடிந்த கேப்ஸ்யூல் ஓரிரு நாளில் மலத்தோடு வெளியேறுகிறது. அதைத் தேடி எடுக்க வேண்டியதில்லை என்று நோயாளியிடம் சொல்லிவிடுகிறார்கள். இரண்டு பேட்டரி, ஒரு மின்சுற்று, ஒரு பிளாஸ்டிக் உறை, எல்லாம் சாக்கடைக்குப் போகின்றன. இங்குள்ள தோல் பதனிடும் ஆலைகளின் கழிவோடு ஒப்பிட்டால் இது தூசு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாலாற்றங்கரையில் இருப்பவர்கள் வெளியே போவது எங்கே போகிறது என்று கேட்கப் பழகியவர்கள். கிணற்று நீர் உப்பான பிறகே அந்தப் பழக்கம் வந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. இந்த மண்ணிலிருந்து எழுந்த வழக்கு அது. ஒருமுறை பார்த்துவிட்டு எறிகிற கண்ணைச் செய்கிறவரிடமும் அதே கேள்வியை நாம் கேட்கலாம்.

மாற்று வழி இல்லாமலில்லை. பாஸ்டனில் கில்லர்மோ டியர்னியின் குழு 2013-இல் நேச்சர் மெடிசின் இதழில் ஒரு கேப்ஸ்யூலை விவரித்தது. அதற்கு மெல்லிய கயிறு உண்டு. கயிற்றின் உள்ளே ஒளியிழை ஓடுகிறது. விழுங்கியதும் கேப்ஸ்யூல் சுற்றிலும் லேசர் ஒளியைச் சுழற்றி உணவுக்குழாய்ச் சுவரின் மேற்பரப்பை மட்டுமல்லாமல் அதன் அடியிலுள்ள அடுக்குகளையும் படமாக்குகிறது. முடிந்ததும் இழுத்து எடுத்து, கிருமி நீக்கி, அடுத்தவருக்குக் கொடுக்கலாம். மயக்க மருந்து வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு செவிலியர் கையாள முடிகிற வகை இது. வழியில் தொலையாது, சாக்கடையில் விழாது, மாட்டிக்கொண்டால் கயிறு கையில் இருக்கிறது. வயர்லெஸ் என்பதை முன்னேற்றத்தின் அடையாளமாக எண்ணிக் கயிற்றைப் பழையதென்று ஒதுக்கியது அவசரம் என்று நினைக்கிறேன். ஆறு மீட்டர் குடலின் கடைசிவரை கயிறு போகாது. அதற்கு இடனின் கேப்ஸ்யூல்தான் வேண்டும். ஆனால் ஸ்ப்ரூவும் புழுவும் அதிகம் குடியிருக்கும் சிறுகுடலின் மேற்பகுதி கயிறு எட்டக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறது.

இப்போது படங்களைப் பார்க்கும் வேலையை மென்பொருளிடம் ஒப்படைக்கத் தொடங்கிவிட்டார்கள். பல்லாயிரம் படங்களில் சந்தேகமானவற்றை மட்டும் அது பொறுக்கித் தருகிறது. மருத்துவரின் ஒரு மணி நேரம் சில நிமிடங்களாகக் குறைகிறது. நல்லதுதான். ஆனால் எந்தக் குடலைக் காட்டி அதற்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்தே அதன் தீர்ப்பு இருக்கும். விரல்வடிவ உறிஞ்சிகளை மட்டுமே கண்டு பழகிய மென்பொருள் குடியாத்தத்துக் குடியானவரின் இலைவடிவ உறிஞ்சியை என்னவென்று எழுதும்? குறுக்காகச் சுற்றிவந்த காசநோய்ப் புண்ணைப் பார்த்தால் கிரோன்ஸ் என்றுதானே கை தூக்கும்? வேலூர் ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்களுக்காக அதைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன. அத்தனை விதத் தண்ணீரும் அத்தனை விதச் சாப்பாடும் பதிந்த குடல்கள் ஒரே வாசலில் வந்து நிற்கின்றன. உலகின் எந்த நிறுவனமும் காசு கொடுத்து வாங்க முடியாத தொகுப்பு அது. 1969-இல் பிணக்கூறில் செய்ததை இன்று உயிரோடிருப்பவர்களிடம், அவர்கள் சம்மதத்தோடு, வழி அடைபடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, நோயற்றவர்களையும் சேர்த்து, கேமராவால் செய்யலாம். வயதுவாரியாக, ஊர்வாரியாக, குடிநீர்வாரியாகப் படங்களைச் சேர்த்து, ஒவ்வொன்றையும் இங்கே பயின்ற மருத்துவர் பெயரிட்டு வைக்க வேண்டும். செலவு பிடிக்கும், வருடங்கள் ஆகும். அந்தத் தொகுப்பில் தேறாத எந்த மென்பொருளையும் நம் மருத்துவமனைகள் வாங்கக்கூடாது.